கொல்லைக் கதவின் செங்கல்

இன்று காலை கொல்லைக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஈர வண்டல் மண்ணும் அழுகிய வாழைக் கிழங்கும் கலந்த வாசனை. உன் வருஷத் திவசம் முடிந்த கையோடு உன் மகன் கொல்லையில் தனக்கென்று ஒரு வீடு கட்டக் கிளம்பிவிட்டான். நேற்று மஞ்சள் வண்டி ஒன்று வந்தது. மிச்சமிருந்த வாழைகளைச் சாய்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடைக்கால் முழுவதையும் தோண்டிவிட்டுப் போய்விட்டது. நீயும் நானும் முதுகு ஒடியத் தோண்டிய அதே மண்தான், தம்பி. வண்டிக்கு முதுகு இல்லை, அவ்வளவுதான்.

அப்பா நம் இருவர் பேருக்கும் விட்டுப்போன வாழைக்கொல்லை இது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டி இப்படி ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான், என் வீட்டுக்காரர் போனபின் மணப்பாறையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு உன்னிடம் வந்தேன். அப்போது திருவானைக்காவலில் ஒண்டுக் குடித்தனம் இருந்தாய். உனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீடு கட்டலாம் என்று முடிவான நேரம் பார்த்து நடவு ஆரம்பித்துவிட்டது. கூப்பிட்ட ஆட்கள் எல்லாரும் ஜீயபுரம் பக்கம் வயலுக்குப் போய்விட்டார்கள்.

"நாமளே தோண்டிடலாம்க்கா. கடைக்கால்தானே" என்றாய்.

நீ கடப்பாரையால் பெயர்ப்பாய். நான் சட்டியில் அள்ளிக் கரையில் கொட்டுவேன். இடுப்பளவு இறங்குவதற்குள் ஊற்று கிளம்பிவிடும். இரண்டு ஆற்றுக்கும் நடுவில் குழி வெட்டினால் தண்ணீர் சும்மா இருக்குமா? வாளியால் இறைத்துவிட்டு மறுபடி தோண்டுவோம். என் உள்ளங்கை காய்த்துப்போய், சேலைக் கொசுவத்தைச் செருகும்போது நூல் இழுக்கும். உன் மனைவி தூக்குவாளியில் மோர்ச்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, புதுச்சேலையில் சேறு படாமல் தள்ளி நிற்பாள். நீ அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் சொல்வாய்: "கடைக்கால் பொய் சொல்லாதுக்கா. கீழ என்ன வச்சமோ அதுதான் மேல தெரியும்."

அப்படி ஒரு சாயங்காலம்தான் குழிக்குள் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொன்னாய். "முதக் கல்லு நீதான் வைக்கணும்."

"நான் எப்படிடா வைக்கிறது? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து மண்ணு அள்ளுச்சு?"

நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய். அதை நம்பித்தான் லாரியில் வந்திறங்கிய செங்கல் குவியலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் கொடுத்த ஒன்றை எடுத்து வைத்தேன். கழுவிக் காயவைத்துத் துணியில் சுற்றி வைத்தேன். பட்டுப்புடவை எடுத்தவள்கூட அப்படிப் பத்திரப்படுத்தியிருக்க மாட்டாள்.

கல் வைப்பதற்கு முதல் நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. மேற்குப் பக்கத்துக் கரை அப்படியே குழிக்குள் சரிந்துவிட்டது. முகூர்த்தத்துக்குள் அள்ளியாக வேண்டுமே என்று விடிவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் இறங்கினோம். அள்ளி முடித்து, ஓடிப்போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு என் செங்கல்லோடு வந்தேன். நகக்கண்ணில் சேறு போகவில்லை.

உப்பிலியபுரத்திலிருந்து வந்திருந்த உன் மாமியார் என்னை வழியிலேயே நிறுத்தினார். "நல்ல காரியம் நடக்குதும்மா. நீ கொஞ்சம் அந்தப் பக்கமா போய் நில்லு. தப்பா நெனச்சுக்காத."

நீ வடகிழக்கு மூலையில் குழிக்குள் நின்றாய். கையில் மஞ்சள் தடவிய கல். பக்கத்தில் உன் மனைவி குங்குமத் தட்டோடு நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு கையிலிருந்த கல்லைப் பார்த்தாய். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நீ அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். ஐயர் மந்திரம் சொன்னார். ஐந்து சுமங்கலிகள் நவதானியம் போட்டுப் பால் ஊற்றினார்கள். நான் அள்ளிக் கொட்டிய மண்மேட்டுக்குப் பின்னால், என் கல்லை முந்தானையில் மறைத்துக்கொண்டு நான் நின்றேன்.

எல்லாம் முடிந்தபின் இலையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாய். "மனசுல வச்சுக்காதக்கா. ஊரு வழக்கம்." விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத வயிறு. வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. நீ சண்டை போட்டிருக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை "அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் போதும். உன் மாமியாருக்காக நானே ஒதுங்கிப் போயிருப்பேன்.

வீடு எழும்பியது. கொள்ளிடக் காற்றுக்குக் கொல்லைக் கதவு அடித்துக்கொண்டே இருந்ததால், அந்தச் செங்கல்லை அதற்கு முட்டாக வைத்தேன். வீட்டில் எல்லாரும் அதைக் காலால்தான் தள்ளுவார்கள். உன் மகன் கிரிக்கெட் விளையாட எடுத்துப்போய் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். நீ மட்டும் ஒவ்வொரு தடவையும் குனிந்து, இரண்டு கையாலும் நகர்த்துவாய். இடுப்புவலி வந்த பிறகும் குனிந்தாய். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்குச் சொல்வான், நாளைக்குச் சொல்வான் என்று காத்திருந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டதும் அதைத்தான். "கொல்லைக் கதவு அடிச்சுக்குதாக்கா?"

"இல்லடா. கல்லு இருக்கு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

இன்று உன் மகன் கல் வைத்தான். அவன் மாமனார் வீட்டார் கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியதும் உன் மனைவியிடம் வந்து தணிந்த குரலில் சொன்னான்: "அம்மா, நீங்க அத்தைகூட அங்க நில்லுங்க. மாமனார் வீட்ல ஒரு மாதிரி நெனப்பாங்க." அவள் வந்து துணி துவைக்கிற கல்லருகே என் பக்கத்தில் நின்றாள். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. அப்புறம் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தேன். இனித்ததெல்லாம் கசந்துவிட்டது.

"அன்னிக்கு உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா அண்ணி?"

"இல்ல. உனக்கு மிஷின் தோண்டுச்சு."

அவள் முகம் சுருங்கியது. சட்டென்று உள்ளே போனாள். திரும்பி வருவதற்குள் குழியில் கல் வைத்து முடித்துவிட்டார்கள். அந்தச் செங்கல் அவள் கையில் இருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இது யாரு கல்லுன்னு அவரு எங்கிட்ட சொல்லியிருக்காரு. எத்தனையோ நாள் சொல்லிச் சொல்லி அழுதிருக்காரு. போய் வைங்க அண்ணி. யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கிறேன்."

அவளிடம் சொல்லியிருக்கிறாய். அவளிடம் அழுதிருக்கிறாய். பத்தடி தள்ளி அடுப்படியில் நான்தானே இருந்தேன், தம்பி. குனியத் தெரிந்த உனக்கு வாய் திறக்கத் தெரியவில்லை. கடைக்கால் பொய் சொல்லாது என்றாயே, நம் வீட்டுக்குக் கீழே நீ எனக்குக் கொடுத்த வார்த்தைதான் கிடக்கிறது.

கல்லை வாங்கிக்கொண்டேன். குழிப் பக்கம் போகவில்லை. முதல் கல்லாக வைக்க எடுத்து வைத்ததை, எல்லாரும் வைத்து முடித்தபின் கொண்டுபோய்ச் சொருக எனக்கு மனம் வரவில்லை. பழையபடி கொல்லைக் கதவடியிலேயே போட்டுவிட்டேன்.

பந்திக்குத் தண்ணீர் எடுக்க வந்த பையன் கதவைச் சாத்துவதற்கு அதைக் காலால் தள்ளினான். அவனைத் திட்ட வாயெடுத்து, அப்படியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் குனிந்து கையால் எடுத்து வைக்க இந்த வீட்டில் இருந்தவன் நீ ஒருவன்தான்.