தாடிக்குச் சொன்ன காரணம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புகைமூட்டம். எங்கள் ஊர் பண்டமாரான் முழுக்கச் சாம்பல் வாடை. வெளியே துணி காயப்போடாதே என்று சரோவிடம் சொன்னேன். பெண்டாட்டி என்றைக்குக் கேட்டாள், இன்றைக்குக் கேட்க?

துறைமுக யார்டில் காலை ஷிஃப்ட். ஒரு கிரேன் படுத்துவிட்டது. லோரிக்காரர்கள் கத்தல், எனக்குத் தலைவலி.

வாங்க வேண்டியது: பிரஷர் மாத்திரை. கவிக்கு இளநீர். சின்ன டவல் நாலு (சரோ ஆறு என்கிறாள்).

மகள் கவிக்கு ஒன்பதாம் மாதம். ஆடி பிறப்பதற்குள் பிள்ளை பிறந்துவிட வேண்டும் என்று சரோ சாமிக்கு நாள் கெடு வைத்திருக்கிறாள். மருமகன் தினேஷுக்குத் தாடி கழுத்தை மூடிவிட்டது. பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது முடி எடுக்கக் கூடாதென்று அவன் அம்மா கண்டிப்பு. வீடு வீடாக ஏசி, ஏர்கோன் கழுவிப் பழுதுபார்க்கப் போகிறவன். "கதவத் தொறந்தவுடனே கஸ்டமர் ஒரு அடி பின்னால போறாங்க மாமா" என்று சிரிக்கிறான்.

மதியச் சாப்பாட்டு நேரம் கைப்பேசியில் ஒரு வீடியோ. பிரிக்பீல்ட்ஸில் ரயிலடிக்குப் பக்கத்தில் தூண் ஓரமாக யாரோ பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். உள்ளே வயர், மீட்டர், கேஸ் டப்பா. போலீஸ் இரண்டு பேரைத் தரையில் குப்புறப் படுக்கவைத்திருக்கிறது. ஆட்டத்தில் முகம் தெரியவில்லை. ஒருத்தனுக்குத் தாடி. நானும் அதை எங்கள் தாமான் குடியிருப்புக் குரூப்பில் போட்டுத் தட்டிவிட்டேன்: "பாத்தாலே தெரியலயா? டெரரிஸ்ட். இவனுங்களையெல்லாம் விசாரிக்கவே கூடாது." பதினோரு பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

மூன்று மணிக்குக் கவியின் ஃபோன். "அப்பா, தினேஷ் ஃபோன் எடுக்கல. கூட வேலைக்குப் போன நஸீர் அண்ணனும் எடுக்கல. இன்னிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல வேலைன்னாங்க."

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். தாடிக்காரன் இடுப்பில் பழுப்பு பெல்ட். தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

ஜூலை 9, புதன்

வேலைக்குப் போகவில்லை. காலை எட்டு மணிக்கே போலீஸ் ஸ்டேஷன் வாசல். எடுத்துப் போனவை: கல்யாண ஆல்பம். கவியின் கிளினிக் புத்தகம். தினேஷ் காவடி எடுத்த படம். ஒரு சட்டை.

பதினோரு மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். சின்ன வயது அதிகாரி, மலாய்க்காரர், மரியாதையானவர். "அங்கிள், தண்ணீர் குடியுங்கள்" என்றார். பேச்செல்லாம் மலாயில். ஆல்பத்தைப் பிரித்து வைத்தேன். இவன் இந்து. இது என் மகள். வயிற்றில் பிள்ளை. எங்கள் வழக்கம், பிள்ளை பிறக்கும்வரை தாடி எடுக்கக் கூடாது. பையில் இருப்பது ஏர்கோன் சாமான். காவடிப் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. "முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். குப்புறக் கிடந்தவன் எப்படிச் சொல்வான்?

சுவர் ஓரம் பெஞ்சில் இரண்டு பேரும். தினேஷுக்கு உதடு கிழிந்திருந்தது. இன்னொருவனைப் பற்றியும் கேட்டார். சொன்னேன். எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் தினேஷை அழைத்துக்கொண்டு வீடு. சரோ வாசலிலேயே ஆரத்தி எடுத்தாள். கவி அவன் தாடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

குரூப்பில் செய்தி பரவிவிட்டது. "நம்ம பையனாம். நல்லவேளை, கடவுள் காப்பாத்தினாரு." அதற்கும் கட்டைவிரல். என் வீடியோவை அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டதாம், அழியாதாம்.

ஜூலை 10, வியாழன்

புகை குறையவில்லை. தொண்டை எரிச்சல்.

தினேஷ் இன்றுதான் வாயைத் திறந்தான். ஏர்கோன் பார்க்கப் போன கடை இன்னும் திறக்கவில்லையாம். பை கனமாக இருந்ததால் தூண் ஓரம் வைத்துவிட்டுத் தோசை சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

"நான்தான் மாமா வெச்சேன். நஸீர் அண்ணே வேணாம்டா, தூக்கிக்கிட்டே போயிடலாம்னாரு. நான்தான் அஞ்சு நிமிஷம்லான்னேன்."

பிறகு கேட்டான். "அவர ஏன் விடல?"

"பெர்மிட் பிரச்சினையாம்" என்றேன். பொய்யில்லை. நஸீர் இந்தியாவிலிருந்து வந்தது சாப்பாட்டுக் கடை வேலைக்கான பெர்மிட்டில், செய்வது ஏர்கோன் வேலை.

"ராத்திரியெல்லாம் என்னைத் தூங்கச் சொன்னாரு மாமா. காலைல மாமா வந்துருவாங்க, ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னாரு."

நான் எழுந்து போய்க் குழாயை மூடினேன். குழாய் திறந்திருக்கவே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

எழுதிவிடுகிறேன். கண்ணாடி இல்லாமல் சரோவுக்கு எதுவும் தெரியாது, வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

நான் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் நஸீர் எழுந்து நின்றான். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டான். வீட்டுக்குக் கிளம்புகிறவன் மாதிரி.

தினேஷ் பாத்ரூம் போயிருந்த நேரம் அதிகாரி அவனைக் காட்டிக் கேட்டார். "இவர் உங்களைத் தெரியும் என்கிறார், அங்கிள். உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

அப்போதுதான் தினேஷைப் பற்றி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி முகம் இளகியிருந்தது. இவன் பெயரையும் சேர்த்தால் மறுபடி முதலிலிருந்து கேட்பார்களோ என்று பயம். அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் இல்லை. இல்லை, இருக்கிறது. பெயர். அவன் பெயர்.

"தெரியாது. மருமகனோடு வேலை செய்கிறவனாக இருக்கும். எங்கள் ஆள் இல்லை" என்றேன்.

நஸீருக்கு மலாய் நன்றாகத் தெரியும். எட்டு வருடமாக இங்கே இருக்கிறான். உட்கார்ந்தான்.

எனக்குத் தெரியாத நஸீரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை:

ஊர் ராமநாதபுரம் பக்கம்.
தாடி கிடையாது, தினமும் சவரம்.
இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளை இன்னும் தூக்கியதில்லை, ஃபோனில் பார்த்ததோடு சரி.
ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். சரோ அவனுக்கென்று தனியாகத் தட்டிப் போடுவாள்.
தினேஷுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவன்.
என்னை மாமா என்கிறான்.
இந்த அறை ஏர்கோனைப் போன மாதம் கழற்றிக் கழுவி மாட்டியது அவன்.

ஏர்கோனை நிறுத்திவிட்டேன். வேர்வை கொட்டுகிறது. கொட்டட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

கடைத்தெருவில் பத்துமலையோடு தேத்தண்ணி. முப்பது வருடம் லோரி ஓட்டியவன், என் சிநேகிதன், உலக விவகாரம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன்.

"இந்துன்னு தெரிஞ்சதும் விட்டுட்டாங்கல்ல? அப்புறம் ஏன்யா மூஞ்சத் தொங்கப் போட்டுருக்க?"

"இன்னொருத்தன் உள்ள இருக்கான்."

"அவன் என்ன ஆளு?"

"தமிழன்தான். முஸ்லிம்."

"ஆங்."

அந்த ஆங் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னய்யா ஆங்? டெரரிஸ்ட்னா யாரு? சொல்லு பாப்போம்."

"குண்டு வைக்கிறவன்."

"அங்க குண்டே இல்லையே. ஏர்கோன் கேஸ்."

"சரிப்பா, வைக்கக் கூடியவன்."

"யாரு வைக்கக் கூடியவன்னு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியாதா?"

"என் மருமகனப் பாத்தும்தான் தெரிஞ்சுது."

"அது தாடியால வந்த தப்பு."

விடவில்லை நான். "உன் பழைய வீட்டுக்குப் பக்கத்துல ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தாரே. வீட்ல ஏதோ இயக்கத்துப் படம் வெச்சிருந்தாருன்னு புடிச்சிட்டுப் போனாங்களே. அவரு?"

"அவரு பாவம்லா. சும்மா விளக்கு ஏத்துன மனுஷன். நம்ம ஆளு."

பாதித் தேத்தண்ணியில் எழுந்து வந்துவிட்டேன். பத்துமலை மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அவன் டீக்கடையில் சொன்னதை நான் ஸ்டேஷனில் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

விடியற்காலை வலி. ஆஸ்பத்திரி. பத்தே கால் மணிக்குப் பையன். தாயும் சேயும் நலம். ஆடிக்கு முன்னால் பிறந்துவிட்டான், சரோவுக்குத் தலைகால் புரியவில்லை. என் நெற்றி அவனுக்கு என்கிறாள்.

தினேஷ் பிள்ளையைப் படம் எடுத்து நஸீருக்கு அனுப்பினான். போய்ச் சேரவில்லை. ஒற்றை டிக்தான்.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். எழுதிவைக்கிறேன்: சந்தோஷம்.

ஜூலை 18, வெள்ளி

மழை, கடைசியில். புகை அடங்கியது.

அரைநாள் லீவு. யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலில் உட்கார்ந்து வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். எனக்கு அவனைத் தெரியும். என் வீட்டில் சாப்பிட்டவன். நல்ல மனிதன். அதே அதிகாரி. அடையாளம் கண்டு "தாத்தா ஆகிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

பையில் ஒன்றும் இல்லை, அந்த விஷயம் அடுத்த நாளே முடிந்துவிட்டது என்றார். அந்த ஆளைக் குடிநுழைவுத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியாகிவிட்டது. எந்த முகாம் என்பதை உறவினருக்கோ முதலாளிக்கோதான் சொல்ல முடியும். முதலாளி ஃபோனையே எடுக்கவில்லையாம்.

"அன்றைக்கே தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்றிருந்தால், காகிதங்களைச் சரிசெய்ய இரண்டு நாள் கொடுத்திருப்போம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இப்போது ஒருவர் வந்து, தெரியும் என்று சொன்னால்?"

ஃபைலைத் திறந்தார். என் கையெழுத்து. என் அடையாள அட்டை எண். "நீங்கள் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அங்கிள். மாற்றலாம். அன்று சொன்னது பொய் என்று எழுதித் தர வேண்டும். அப்புறம் மருமகனைப் பற்றி நீங்கள் சொன்னதையும் திரும்பப் பார்க்க வேண்டிவரும்." பயமுறுத்தவில்லை அவர். உள்ளதைச் சொன்னார்.

பேனா மேஜையில்தான் இருந்தது. மூன்று நாள் பிள்ளை வீட்டில். கவிக்கு இன்னும் நேராக நடக்க முடியவில்லை.

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் சின்ன டவல் இரண்டு வாங்கினேன். சரோ சொன்னது சரிதான், ஆறு வேண்டியிருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

தினேஷ் குளித்துக்கொண்டிருந்தான். அவன் ஃபோன் அடித்தது. இந்தியா எண். எடுக்காமல் இருந்திருக்கலாம், எடுத்துத் தொலைத்தேன்.

"நான் நஸீர் வீட்லருந்து பேசுறேன். அவுக பேசி ரெண்டு வாரம் ஆச்சு. நீங்க யாருங்க?"

தினேஷின் மாமனார் என்றேன்.

"பண்டமாரான் மாமாவா? உங்களப் பத்தி நெறய சொல்லுவாக." குரலில் உயிர் வந்துவிட்டது. "நீங்க இருக்கீகள்ல, அது போதும். நீங்க பாத்துக்குவீக."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பின்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்டு நச்சரித்தது. "இரு, வாப்பாவோட மாமா பேசுறாங்க" என்று அதட்டினாள். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

தினேஷிடம் ராங் நம்பர் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

நல்ல வெயில். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியும் தினேஷ் தாடி எடுக்கவில்லை. சரோவுக்குப் பொறுக்கவில்லை. "புள்ள பயப்படுது, கூட்டிட்டுப் போய் முடிச்சிட்டு வாங்க" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

கடைத்தெரு சலூன். நாற்காலியில் உட்கார்ந்தான், துணி போர்த்தினார்கள், மெஷின் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டான். "சாரி பாஸ்" என்று துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

காரில் கேட்டேன். "ஏம்ப்பா?"

"நஸீர் அண்ணே வந்தப்புறம் எடுத்துக்கிறேன் மாமா."

"அது எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

"வரும்போது வரட்டும். இது எதுக்குன்னு கேட்டு என்ன விட்டுட்டாங்க. அவருக்குக் காட்டுறதுக்கு ஒண்ணுமில்ல."

சந்திப்பில் சிவப்பு. வண்டியை நிறுத்தினேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, அன்னிக்கு நான் கொஞ்ச நேரம் பாத்ரூம் போயிருந்தேன். நஸீர் அண்ணனப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாங்களா?"

"இல்லப்பா. கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

"சொல்லியிருப்பேன்."

தலையாட்டினான். தாடியைத் தடவிக்கொண்டான். பச்சை விழுந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற லோரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.