நான் எழும்பினதை யார் சொன்னது?

31.05.2004 திங்கள்

சோளகக் காற்று பிடித்துவிட்டது. முற்றமெல்லாம் மணல். கூட்டவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினா அக்கா தன் முற்றத்தைக் கூட்டுகிறா. எனக்குக் கேட்கவென்றே கூட்டுவது போல ஈர்க்குச் சத்தம்.

டொக்டர் எழுதச் சொன்ன கொப்பியில் இன்று:
காலை – மகள் டிலானிக்குத் தலை இழுத்தது. இரட்டைப் பின்னல். பாண், நேற்றைய சம்பல்.
10 மணி – அரை வாளி தண்ணீர் அள்ளியது. கிணற்றுக்கட்டில் குந்தியது.
பிறகு – ஈரச்சாக்கைப் போர்த்தின மாதிரி உடம்பு. நாலு மணித்தியாலம் படுக்கை. நித்திரை இல்லை.

போன வருடம் நெருப்புக்காய்ச்சல், டைபொயிட். காய்ச்சல் போய்விட்டது, களைப்பு போகவில்லை. யாழ்ப்பாணத்தில் எல்லாச் சோதனையும் செய்தாயிற்று. இரத்தம் சரி, எக்ஸ்ரே சரி, தைரொயிட் சரி. "இதுக்குப் பேர் இருக்கு, மருந்து இல்லை. களைக்க முதல் படுங்கோ. ஏலுமானதில அரைவாசிதான் செய்யுங்கோ. கொப்பியில எழுதுங்கோ" என்றார் டொக்டர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கூட வந்திருந்த இவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? இன்னும் பிடிபடவில்லை.

01.06 செவ்வாய்

செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் பூசை. முடிந்ததும் மாமி நேரே இங்கே. வாசலில் நின்றே:

"முகம் தெளிவாக் கிடக்கு, பிள்ளை."

இந்த வசனம் எனக்குப் பழக்கம். இதற்குப் பின்னால் எப்போதும் ஒரு வேலை வரும்.

"புதன்கிழமை உடுப்புத் தோய்ச்சனியாம். அதுக்கடுத்த நாள் பிட்டும் அவிச்சனியாம்."

உண்மைதான். ஆனால் மாமி இருப்பது இரண்டு ஒழுங்கை தள்ளி. யார் சொன்னது? பிட்டுக்குப் பிறகு மூன்று நாள் கட்டிலில் கிடந்தேனே, அது ஏன் அவவின் காதுக்குப் போகவில்லை?

விஷயம் இதுதான். நான் காய்ச்சலில் கிடந்தபோது மாமி நேர்ந்திருக்கிறா. மருமகள் எழும்பினால் திருநாளன்று கோயில் வளவில் நூறு பேருக்கு மருமகள் கையால் கஞ்சி. என்னிடம் இன்றுதான் சொல்கிறா.

"அந்தோனியார் தன்ர வேலையைச் செய்திட்டார். இனி எங்கட வேலை. வாற ஞாயிறில்லை, அடுத்த ஞாயிறு."

"மாமி, எனக்கு இன்னும் சுகமில்லை."

"சுகமில்லாத ஆள் பிட்டு அவிக்குமோ?"

நூறு பேருக்குக் கஞ்சி என்றால் மூன்று மணித்தியாலம் அடுப்படியில் நின்று துழாவ வேண்டும். பிறகு எத்தனை கிழமை படுக்கை? இல்லையென்றால் என்ன பெயர்? அந்தோனியாரை ஏமாற்றினவள். படிச்ச கள்ளி.

02.06 புதன்

சந்தேகம்:
1. பி. அக்கா. வேலியில் ஒரு கிடுகு ஓலை விலகியிருக்கிறது. காற்றா, கையா?
2. டிலானி. ஐந்து வயது. கேட்டால் சொல்லும்.
இவராக இருக்காது. கடற்றொழிலாளர் சங்கத்தில் கிளாக்கர் வேலை. வாயைத் திறந்து நாலு சொல் சேர்ந்தாற்போல் பேசாத ஆள்.

வேலிப் பக்க யன்னலைச் சாத்திவிட்டேன். அறை வேகிறது. பரவாயில்லை.

03.06 வியாழன்

எழும்பும்போதே தெரிந்தது, நல்ல நாள். தலை இலேசு. கை என் கை மாதிரி இருந்தது. சந்தோசப்படவில்லை. முதலில் யன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

கள்ளி மாதிரி அலுமாரியைத் துடைத்தேன். சவர்க்காரத் தண்ணீர், மூன்று தட்டு. செருப்புச் சத்தம் கேட்டது. ஈரத்துணியைத் தலையணைக்குக் கீழ் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டேன். பி. அக்கா, கையில் ஒரு கோப்பை சொதி.

"உப்பிடிச் சாத்திக்கொண்டு கிடந்தா இல்லாத வருத்தமும் வரும், பிள்ளை."

மூக்கை உறிஞ்சினா. சவர்க்காரம் மணந்திருக்குமோ? தலையணை நனைந்து கழுத்தெல்லாம் தண்ணீர். சொதி நல்ல சொதி. நம்பிக் குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

05.06 சனி

நேற்றும் இன்றும் படுக்கை. அலுமாரி மூன்று தட்டு = இரண்டு நாள். ஒளித்துச் செய்தாலும் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அழுகை வந்தது. அழுதாலும் களைக்கும் என்று நிறுத்தினேன். இப்படி நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் களைக்கும்.

06.06 ஞாயிறு

கதிரையில் இருந்து புளி கரைத்துக்கொண்டிருந்தேன். டிலானி ஓடி வந்தாள்.

"அம்மா, அப்பம்மா வாறா! கெதியாப் படுங்கோ!"

கை புளியிலேயே நின்றுவிட்டது. வந்தது மாமி இல்லை, யாரோ. ஆனால் என் பிள்ளை இதைப் படித்துவிட்டாள். நான் படிப்பிக்கவில்லை. படிப்பித்திருக்கிறேன்.

07.06 திங்கள்

பொறி வைத்தேன். பி. அக்காவிடம் வேலிக்கு இப்பால் நின்று, "நேற்று தோசை சுட்டனான்" என்றேன். பொய். இவரையும் விடவில்லை: இவர் பார்க்க, இவருடைய சேட்டு ஒன்றைக் கதிரையில் இருந்தபடியே அயன் பண்ணினேன். உண்மை. டிலானி பள்ளிக்கூடத்தில். நாளை செவ்வாய், மாமி வருவா. தோசை வருகிறதா, சேட்டு வருகிறதா பார்ப்போம்.

08.06 செவ்வாய்

"சேட்டு அயன் பண்ணினனியாம். நல்லது, நல்லது. அரிசி நான் எடுத்து வைச்சிட்டன்."

தோசை வரவில்லை.

பாவம் பி. அக்கா. எட்டு நாள் அந்த மனிசியின் விளக்குமாற்றைக்கூடச் சந்தேகித்தேன்.

பின்னேரம் இவர் சைக்கிளை நிறுத்த முதலே கேட்டேன்.

"நீங்களோ மாமிக்குப் போய்ச் சொல்லுறது?"

"ஓம்."

இவ்வளவு லேசாக ஓம் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வைத்திருந்த வசனம் எல்லாம் வீண்.

"ஏன்?"

"அம்மா ஒவ்வொரு நாளும் கேப்பா, எப்பிடி இருக்கிறா எண்டு. படுத்திருக்கிறா, படுத்திருக்கிறா எண்டு ஒரு வருசமாச் சொன்னனான். எனக்கும் சொல்ல ஒண்டு வேண்டாமே? பிட்டு அவிச்ச அண்டைக்குச் சங்கத்திலயும் சொன்னனான்."

"பிறகு மூண்டு நாள் கிடந்ததைச் சொன்னனீங்களோ?"

"அது வாயில வரேல்லை."

சைக்கிளைச் சுவரில் சாத்தினார். பிறகு: "நீரும்தான் ஒளிக்கிறீர். அலுமாரி சவர்க்காரம் மணக்குது. யன்னலைச் சாத்திப்போட்டு என்ன செய்யிறீர் எண்டு நான் யோசிச்சு யோசிச்சு... ஏலாது எண்டு எனக்கு நடிக்கிறீரோ எண்டும் ஒருக்கா நினைச்சனான்."

அவரும் என்னைச் சந்தேகித்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு உளவாளிகள்.

கொப்பியைக் கொடுத்தேன். இதையல்ல, டொக்டருக்கென்று எழுதும் மற்றக் கொப்பியை. நின்றபடி வாசித்தார். தோய்த்தது, பிட்டு, கீழே படுக்கை, படுக்கை, படுக்கை. அலுமாரி, கீழே படுக்கை, படுக்கை. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"நல்லா இருக்கிற நாளிலதான் பிழை நடக்குது" என்றார்.

ஒரு வருடமாக நான் சொல்லத் தெரியாமல் இருந்தது.

10.06 வியாழன்

நேர்த்தியைப் பற்றிக் கேட்கப் பங்குச் சுவாமியிடம் போனோம். சைக்கிளில், நான் பின்னால். நேவிச் சென்றியில், சோதனைச் சாவடியில், இறங்கி நடக்க வேண்டும். இருபது மீற்றர்தான். இன்று அது பெரிய தூரம். அடையாள அட்டையைப் பார்த்தவன் என் முகத்தை இரண்டு தரம் பார்த்தான். அவனும் "தெளிவு" என்று சொல்லாதவரை சரி.

சுவாமி திருநாள் பல்புகளை ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியின் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்துக்கொண்டே போனேன். எல்லாம் கேட்டார்.

"நேர்ந்தது ஆர்?"

"மாமி, சுவாமி."

"அப்ப அது அவவைத்தான் கட்டும். மற்ற ஆளின்ர உடம்பை நேர ஏலாது, பிள்ளை."

இவர், "சுவாமி, நீங்களே அம்மாட்டை ஒரு சொல்..."

"நான் மாட்டன். ஞாயிறில எனக்குக் கோழிக்கறி தாறது அவதான். நீங்களே சொல்லுங்கோ."

11.06 வெள்ளி

சொன்னேன். மாமி வீட்டுக் குசினியில், சுவரில் சாய்ந்து இருந்துகொண்டு. நின்று சொல்லத் தெம்பில்லை.

"சுவாமியாச் சொன்னவரோ, நீ சொல்ல வைச்சனியோ?"

"சுவாமியாத்தான் சொன்னவர். நான் பொய்க்குக் கிடக்கேல்லை, மாமி. ஒரு நாள் எழும்பினா மூண்டு நாள் விழுறன். எழும்பினதை மட்டும்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கினம்."

கனநேரம் அரிசியில் கல் பொறுக்கினா. ஏசுவா என்று காத்திருந்தேன்.

"அண்டைக்கு நீ கிடந்த கிடையில நான் பயந்துபோனன். என்ர முழங்காலை நேர்ந்திருப்பன். அது பழசு, அந்தோனியார் எடுக்க மாட்டார். உன்ர கை இளங்கை. அதைத்தான் குடுத்தனான்."

நம்புவதா? நான் எழும்பும்போது கையைத் தந்தா. கொஞ்சம் நம்பினேன்.

12.06 சனி

களைக்க முதல் படுத்தேன். முழு நாளும். ஒரு வேலையும் இல்லை. குற்றவாளி மாதிரி இருந்தது, ஆனாலும் படுத்தேன்.

13.06 ஞாயிறு. அந்தோனியார் திருநாள்

கோயில் வளவு. புகை, காற்று, லவுட்ஸ்பீக்கர். மாமி துழாவினா. இவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்க, வைத்தார்.

"அந்த மரத்துக்குப் பின்னால வையுங்கோ."

"இல்லை. இஞ்சதான்."

இருந்தேன். துழாவுவது இதைவிட லேசோ என்று பட்டது. முதுகில் எத்தனை கண் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ:

"இளம் பெட்டை கதிரையில, கிழவி அடுப்பில. காலம்!"

மாமி திரும்பவில்லை. "நேர்ந்தது நான். உனக்குக் கஞ்சி வேணுமெண்டா வரிசையில நில்."

பிறகு ஒரு சிரட்டையில் கொஞ்சம் வார்த்து என்னிடம் நீட்டினா.

"உப்புப் பார்."

"சரியாக் கிடக்கு, மாமி."

"சரியோ, என்ர மனம் நோகக்கூடாதெண்டு சொல்லுறியோ?"

"கொஞ்சம் குறைவு."

"அப்பிடிச் சொல்லு."

உப்புப் போட்டா. இருக்கிறவளுக்கும் ஒரு வேலை தரவேண்டும் என்று நினைத்தாவா, என்னைச் சோதித்தாவா தெரியாது.

14.06 திங்கள்

படுக்கை. எதிர்பார்த்ததுதான். கதிரையில் இருந்ததற்கே இது.

வேலிப் பக்க யன்னலைத் திறந்துவிட்டேன். பி. அக்கா முற்றத்தில் நின்று பார்த்தா. நான் எழும்பவில்லை. "காத்து வரட்டும்" என்றுவிட்டுக் கூட்டப் போனா.

இவர் வேலைக்கு வெளிக்கிடும்போது:

"அம்மா கேட்டா என்ன சொல்ல?"

"படுத்திருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"அவ்வளவுதானோ?"

"டிலானிக்கு ஒரு பின்னல் பின்னினனான். அதையும் சொல்லுங்கோ. மற்றப் பின்னல் உங்கட வேலை."

கட்டில் விளிம்பில் இருந்து பின்னினார். பத்து நிமிடம். டிலானி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது கயிறு, அப்பா" என்றாள். அவிழ்க்க விடவில்லை. அப்படியே பள்ளிக்கூடம் போய்விட்டாள்.