குஞ்சுகளுக்கு ஊற்றிய கூழ்

ஆடி ஞாயிறு. மூட்டம், மழை இல்லை.

நீயே சொல்லு தாயே, உன் பேரில் காய்ச்சின கூழை எப்படிக் கீழே கொட்டுவேன்? மழைக்குப் பயந்து பாதி ஜனம் கோயிலுக்கு வரவில்லை. அண்டாவில் அப்படியே மீதி. ஒரு பக்கெட் கொண்டுவந்து ஷெட்டில் கோழிக்குஞ்சுகளுக்குத் தட்டில் வைத்தேன். அலகெல்லாம் கூழ். மனசு நிறைந்தது. முட்டி வலிதான் குறையவில்லை.

புதன். புழுக்கம்.

தெருவில் யார் வீட்டில் கூழ் ஊற்றினாலும் மீதி என் பக்கெட்டுக்கு. கோழி கம்பெனி வளர்க்கக் கொடுத்த குஞ்சுகள், கம்பெனி தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கும்மிடிப்பூண்டி நைட் ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி, உன்கூட சேந்து குஞ்சுங்களும் விரதமா? சதையே புடிக்கல."

வாயைக் கழுவுங்க என்றேன்.

வாங்க வேண்டியது: மஞ்சள், கற்பூரம், முட்டிக்குத் தைலம்.

வெள்ளி. வெயில்.

இறகு முளைக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். ஒன்றை ஒன்று கொத்துகிறது. வால் பக்கம் ரத்தம். போன பேட்ச்சே எடை வரவில்லை. இதுவும் போனால் இனி வளர்க்கக் குஞ்சு இறக்க மாட்டோம் என்று கோழி கம்பெனியில் சொல்லியாச்சு. ஷெட் காலியானால் நான் எதுக்காக எழுந்திருப்பது? விளக்கேற்றக்கூட அசதி.

சனி. தூறல்.

கம்பெனி சூப்பர்வைசர் வந்தான். குஞ்சைத் தூக்கிக் கழுத்துக்குக் கீழே தீனிப்பையை அமுக்கிப் பார்த்தான். கொழகொழ.

"இன்னாம்மா குடுத்தீங்க?"

"அம்மன் கூழு நைனா. குளிர்ச்சி."

"தீனில லைசின், மெத்தியோனின்னு அமினோ ஆசிட் அளந்து போட்டுக்கீறோம். அதுலதான் சதையும் இறகும் வளரணும். நீங்க கூழால வயித்த ரொப்பிட்டா தீனிய எங்க துன்னும்? சத்து பத்தாமதான் அடுத்ததோட இறகப் புடுங்குது."

"சாமி பிரசாதம்பா."

"தீனி வாணாம்னு சாமியா சொல்லிச்சு?"

தண்ணீரில் கலக்க அமினோ ஆசிட் டானிக் கொடுத்தான். அழுகின முட்டை நாற்றம். இனி கூழ் ஒரு சொட்டு கூடாதாம். தேறினால்தான் அடுத்த பேட்ச். குனிந்து குனிந்து தண்ணீர் டப்பாக்களில் ஊற்றினேன். இடுப்பு விட்டுப்போச்சு. கொஞ்சம் குஞ்சுகள் தீனித்தட்டுப் பக்கம் வந்தன. உனக்குப் புண்ணியம் தாயே. படுக்கிறேன்.

ஐயோ. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சம்பந்தியம்மா ஒரு பக்கெட் வாங்கிக்கினு போனாங்க. அவங்க ஷெட்டிலும் சின்னக் குஞ்சு. தினமும் காய்ச்சி ஊத்துங்கன்னு நான்தான் சொன்னேன்.