கூண்டில் நிற்கும் விளக்குக்காரி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தீர்ப்பு வரவில்லை. ஒன்பது நாளாகக் கூண்டில் நிற்கிறேன்.

நானில்லை, என் விளக்குக்காரி. பதினொரு பேர் சேர்ந்து இணையத்தில் எழுதி எழுதியே வளர்த்த கற்பனைத் துறைமுகம் அவள் ஊர். ஆளுக்கொரு பாத்திரம்; ஒருவர் நாலு வரி எழுத, அடுத்தவர் பதில் எழுத, கதை நகரும். கலங்கரை விளக்கம் என் பாத்திரத்தின் பொறுப்பு. விளக்கு அணைந்து கப்பல் பாறையில் மோதிய வழக்கில் வாக்குமூலம் எழுதிப் போட்டுவிட்டேன். நீதிபதியாக எழுதுபவர்தான் இனி எழுத வேண்டும். அவர் எழுதாமல் என் ஆள் கூண்டை விட்டு இறங்க முடியாது, வேறு காட்சிக்கும் போக முடியாது.

இரண்டு வருடமாக அவரோடு எழுதுகிறேன். முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனால் நான் ஒரு வரி எழுதினால் அது எங்கே போகப் பார்க்கிறது என்று புரிந்துகொள்கிற ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

மார்ச் 4

கடையில் ஒரு வாடிக்கையாளரின் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸைத் தப்பாகத் தேய்த்து வீணாக்கினேன். கோபம் கைக்கு வந்துவிட்டது.

மார்ச் 5

சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆள் இருக்கிறார். என்ன செய்கிறார்? விடுதிக் காட்சியில் ரொட்டிக்காரரோடு உட்கார்ந்து மீன் சாப்பிடுகிறார். முள் எடுப்பதைப் பற்றி மட்டும் எட்டு வரி. ஒருத்தியைக் கூண்டில் நிறுத்திவிட்டு இவருக்கு எப்படி மீன் தொண்டையில் இறங்குகிறது?

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எழுத முடியாதா, விடுப்புப் பலகையில் ஒரு வரி போடு. திரும்பி வந்ததும் அதை அழித்துவிடு. நடுவில் ஏன், எதற்கு என்று யாரும் நச்சரிக்க மாட்டார்கள். அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒரு வரி இல்லை.

அக்காவிடம் புலம்பினேன். மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, "அந்தாள்கிட்டயே கேட்டுத் தொலையேன்" என்றாள்.

நான் எதற்குக் கேட்க வேண்டும்? அவராகச் சொல்ல வேண்டாமா?

மார்ச் 8, ஞாயிறு

பதினான்கு நாள் ஆயிற்று. சொல்லாமல் கொள்ளாமல் இத்தனை நாள் ஒரு காட்சியைக் கிடப்பில் போட்டால், போட்டவரின் பாத்திரத்தைக் குழுத் தலைவி கதையில் வேறிடத்துக்கு நகர்த்தலாம் என்பது விதி. தலைவிக்கு எழுதிக் கேட்டேன்.

"நல்லா யோசிச்சிட்டீங்களா? எழுதினத அழிக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்ல" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று பதில் போட்டேன். மாலைக்குள் நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கி, எங்கேயோ ஒரு தீவுக்குக் கப்பலேற்றிவிட்டார். ரொட்டிக்காரர் புது நீதிபதி. நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 9

நிம்மதியாக இல்லை.

மார்ச் 10

அவரிடமிருந்து தனிச்செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன். எனக்கு உறைக்க வேண்டும்.

"நீங்க விடுப்புல இருக்கறதா பலகையில இருந்துச்சு. ஆள் இல்லாதப்ப தீர்ப்பு சொன்னா நல்லா இருக்காதுன்னு காத்திருந்தேன். ரெண்டு தடவ உங்க பச்சைப் புள்ளி தெரிஞ்சுச்சு. புள்ளியப் பாத்து ஆள எடை போடறது தப்புன்னு விட்டுட்டேன். தீர்ப்ப எழுதியே வச்சிருந்தேன்."

கீழே இரண்டு பக்கத் தீர்ப்பு. விடுதலை. விளக்குக்கு எண்ணெய் அனுப்பாத துறைமுகத்தைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நான் எதை நினைத்து அந்த வாக்குமூலத்தை எழுதினேனோ, அதை அப்படியே பிடித்திருக்கிறார்.

வாக்குமூலம் போட்ட மறுநாள் அக்கா படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி நான்தான் பலகையில் என் பெயரைப் போட்டேன். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அழிக்க மறந்தே போனேன். அவர் பெயரை அத்தனை தேடின மூதேவிக்குத் தன் பெயர் கண்ணில் படவில்லை. வேலை செய்வது கண்ணாடிக் கடையில்.

அவர் மேலயும் ஆத்திரமாத்தான் வருது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? இவ்வளவு மரியாதை யார் கேட்டா இவர்கிட்ட?

நான் மட்டும் கேட்டேனா?

மார்ச் 11

எல்லோரும் பார்க்கும்படி மன்னிப்புக் கேட்டேன். பலகையில் என் வரியை அழித்தேன். ஒன்பது பேர் ஆறுதல் சொன்னார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "உங்க பேரு பலகையில இருக்கான்னு நானும் பாத்திருக்கணும்" என்றார் தலைவி. "ஆனா எழுதினது எழுதினதுதான்."

மார்ச் 13

ரொட்டிக்காரர் நல்ல மனசோடு, "விடுதலை பண்ணிடவா?" என்று கேட்டார்.

நாடுகடத்துங்கள், அதே தீவுக்கு அனுப்புங்கள் என்றேன்.

"விளக்கு கையவிட்டுப் போயிடுமே."

தெரியும். அந்த விளக்கின் நூற்றுப் பதினேழு படியும் நான் எழுதியவை. எந்தப் படி ஆடும் என்று எனக்குத்தான் தெரியும். வேறு யாராவது ஏறட்டும்.

மார்ச் 14

தீவுக் காட்சியைத் திறந்தேன். விளக்குக்காரி கையில் ஒரு பெட்டியோடு கரையில் இறங்கினாள். நாலே வரிதான். மிச்சத்தை அவருக்கு விட்டுவிட்டேன்.

மார்ச் 24

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் அக்கா, "அந்தாள் பதில் போட்டாரா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"எத்தன நாளாச்சு?"

"எண்ணல" என்றேன்.

பத்து நாள். கேட்கப் போவதில்லை. அவர் எனக்காகக் காத்திருந்தார், இனி என் முறை.