கேட்காமல் திரும்பியவள்

8 பிப்ரவரி 1989

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் சுகம். உன் பெயரையும் அத்தான் பெயரையும் பாப்பா பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் தினமும் மருந்தகக் கதவைத் திறக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. மிஷன் விடுப்பு கொடுத்துவிட்டது. மே மாதம் முழுவதும் உங்களோடு இருப்பேன். பன்னிரண்டு வருஷம், அக்கா! ஐந்து வயதில் என் விரலை விடாமல் நின்றவளுக்கு இப்போது பதினேழு.

'அந்த ஜனங்களோடு எப்படித்தான் ஒட்டிக்கொண்டாய்?' என்று கேட்டிருந்தாய். வந்த புதிதில், நோயாளிகளிடம் நாக்கைக் காட்டச் சொல்வதாக நினைத்துக்கொண்டு மாட்டைக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர்கள் பாஷையில் இரண்டு சொல்லுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆறு மாதம் ஒருவரும் திருத்தவில்லை. கடைசியில் ஒரு விவசாயி நிஜமாகவே மாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குத்தான் உயிர் போய்விட்டது.

இவர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள், நேராகக் கேட்கவும் மாட்டார்கள். எதிர் வீட்டு ரொட்டிக்கடைக்காரரின் மனைவியிடம், "ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவீங்களா?" என்று பட்டென்று கேட்டேன். வருகிறேன் என்றாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு இரண்டு வருஷம் என்னைக் கண்டாலே சுற்றுவழியில் போனாள். ஒருவரைக் கேள்வி கேட்டு மூலையில் நிறுத்துவது இங்கே பெரிய முரட்டுத்தனம் என்று அப்போதுதான் புரிந்தது. அதன் பின் நான் யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மூன்று பேர் வருகிறார்கள். மூன்று பேர்தான். மிஷனுக்கு இது போதவில்லை.

இந்த முறை பாப்பாவை என்னோடு அழைத்துவர ஆசை. மாடியில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் கல்லூரி இருக்கிறது, மொழி நான் கற்றுக்கொடுப்பேன். இப்போது நீ அவளிடம் ஒன்றும் சொல்லாதே. நானே நேரில் கேட்கிறேன்.

உன் அன்புத் தங்கை

2 மார்ச் 1989

என் அருமைத் தங்கைக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். மாட்டுக் கதையை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

பாப்பா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கணக்கில் புலி. கோபம் வந்தால் அவள் வாய் பேசாது, பாத்திரங்கள்தான் பேசும். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று உனக்கே தெரியும்.

நீ கிளம்பியபோது அவள் அப்பாவை அடக்கம் செய்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "மூணே வருஷம்க்கா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் கண்ணை மூடி மூடித் திறந்து, இப்போது மூக்குக் கண்ணாடியே போட்டாயிற்று. ஊழியத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலில் ஒரு வாரம் அவள் உன்னையே தேடி அழுதாளே, அதை எந்த மிஷன் அறிக்கையிலும் யாரும் எழுத மாட்டார்கள்.

சரி, விடு. நீ பெற்றவள். கேள். அவள் வருகிறேன் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அக்கா

17 ஜூன் 1989

அன்பான அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த ஊறுகாய் ஜாடி உடையவில்லை, நான்தான் கொஞ்சம் உடைந்திருக்கிறேன்.

உன் வீட்டில் ஒரு மாதமும் விருந்தாளியாகவே இருந்தேன். உன் குறை இல்லை. எந்த விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தானுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பேசும்போது பாதியில் நம் சொல் மறந்து இந்த ஊர்ச் சொல் வந்தது. பாப்பா காலையில் வந்து, "காபியா, டீயா?" என்று கேட்பாள். வெளியூர்ப் போதகர் யாராவது வந்தால் கேட்பாளே, அதே மரியாதையோடு.

தினமும் கேட்க நினைத்தேன். கேட்டால் 'வர மாட்டேன்' என்று சொல்ல அவளுக்குச் சங்கடமாக இருக்கும். என் முகத்துக்காக 'சரி' என்று சொல்லிவிட்டு, காலம் முழுக்க மனதுக்குள் வெந்துகொண்டிருப்பாள் என்று தோன்றியது. அவளாக ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. ரயிலடியில்கூட,

"அங்க ரொம்பக் குளிருமா?" என்றாள்.

"ரெண்டு ஸ்வெட்டர் போடணும்."

"அந்த பாஷை கத்துக்க ரொம்ப நாள் ஆகுமா?"

"எனக்கு மூணு வருஷம் ஆச்சு."

தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. எந்த உரிமையில் கேட்பது? நான்காம் வருஷம் விடுப்பு மறுக்கப்பட்டதாக உனக்கு எழுதினேனே, அது பொய். கொடுத்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அந்த ரொட்டிக்கடைப் பெண்ணே தன் பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட்டனுப்பிய வருஷம் அது. முதல் முறையாக என்னை ஒரு வீட்டுக்குள் விட்டார்கள். ஊருக்கு வந்தால் பாப்பாவை விட்டு மறுபடி கிளம்ப முடியாது என்று பயந்தேன். அதை ஊழியத்துக்கான தியாகம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

என்னை மன்னித்துவிடு.

தங்கை

9 ஜூலை 1989

தங்கைக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பொய்யை ஒப்புக்கொண்டாய். இனி என் முறை.

பாப்பாவிடம் சொல்லாதே என்றாய். நான் ஏப்ரலிலேயே சொல்லிவிட்டேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் துணி அடுக்கிய பெட்டி. என்னடி இது என்றதற்கு, "அவங்க கேட்டாப் போவேன். கேக்கலேன்னா நானா போய் ஒட்டிக்க மாட்டேன். நீங்க அவங்ககிட்ட சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

மாதக் கடைசியில் நீ கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே, "அவ என்னோட வருவாளாக்கா?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? "எனக்கெப்படிடி தெரியும்?" என்றேன். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் அப்படிச் சொன்னதாக என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. எனக்கு அவளை அனுப்ப மனமில்லை.

நீ போன அன்று அவள் அழவில்லை. பெட்டியைப் பிரித்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறி மடித்து அலமாரியில் வைத்தாள். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா

1 ஆகஸ்ட் 1989

அக்காவுக்கு,

உன்மேல் கோபம் இருக்கிறது. போய்விடும், ஆனால் இன்றைக்கு இருக்கிறது. அதைவிட என்மேல்தான் அதிகம். குளிருமா என்று கேட்டாளே! இந்த ஊர்ப் பெண் ஒருத்தி அப்படிக் கேட்டிருந்தால், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்கும். அதற்குத்தானே பன்னிரண்டு வருஷம் பாடம் படித்தேன். என் பெண் கேட்டபோது ஸ்வெட்டர் கணக்குச் சொன்னேன்.

இதனுடன் அவளுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. வேதவசனம், புத்திமதி எதுவும் இல்லை. 'என்னோடு வருவாயா? எனக்கு நீ வேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவள் கையில் கொடு. நடந்ததையும் அவளிடம் மறைக்காதே.

தங்கை

24 ஆகஸ்ட் 1989

தங்கைக்கு,

கொடுத்தேன். அடுப்படி வாசலில் நின்றபடியே வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள். பிறகு, "வரலேன்னு நீங்களே எழுதிடுங்க. மே மாசம் கேட்டிருந்தா அவங்க பின்னாடியே ஓடியிருப்பேன். இப்ப என்னால முடியல" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உன் கடிதத்தை அவள் கிழிக்கவில்லை, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

நீ சொன்னபடி, கொடியடியில் நீ என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். பிறகு, "சரி, பெரியம்மா" என்றாள்.

உனக்கு இது சாதாரணமாகத் தெரியும். முறைப்படி நான் பெரியம்மாதானே. ஆனால் நீ போன இரண்டாம் வருஷத்திலிருந்து அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் திருத்தவில்லை, உனக்கு எழுதவும் இல்லை. நீ இங்கே இருந்த மே மாதம் முழுக்க உன் மனம் நோகக் கூடாது என்று என்னை அம்மா என்றும் பெரியம்மா என்றும் கூப்பிடாமலே சமாளித்தாள். வேண்டியதை என் எதிரில் வந்து நின்று சொன்னாள். நீ கவனித்திருக்க மாட்டாய்.

அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை விடுதியில் சேர்கிறாள். அத்தான் கொண்டுபோய் விடுகிறார், நான் வர வேண்டாமாம். விடுதி விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நீயும் எழுது, நானும் எழுதுகிறேன். நம் இருவரில் யாருக்கு அவளிடமிருந்து முதலில் பதில் வந்தாலும், மற்றவளுக்கு உடனே தெரியப்படுத்த வேண்டும். இந்தத் தடவை மறைக்க மாட்டேன்.

அக்கா