அக்காவின் ஏவுகணையும் என் பஸ் கேஸும்

ஜூன் 3, செவ்வாய்

இல்லை, ஓடி ஒளியவில்லை. மோட்டார் கொட்டகையில் உட்காரச் சொன்னார் நைனா, உட்கார்ந்தேன். தகரக் கூரை. மண்டை பிளக்கும் வெயில். வீட்டு வாசலில் ஏட்டு. அக்காவைப் பற்றி விசாரணை. ஐதராபாத்தில், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை. போலீஸ் நல்லபடியாக எழுதி அனுப்பினால்தான் சேரலாம்.

நடுவில் வெறும் வேலி. ஏட்டும் நைனாவும் பேசியது எல்லாம் கேட்டது.

"பசங்க எத்தினி பேரு?"

"ஒரே பொண்ணுங்க சார். வேற யாரும் இல்ல."

அப்படியென்றால் நான் யார்? கொட்டகைக் காவலா? காரணம் தெரியும். காலேஜை விட்ட வருஷம், ஸ்டாப்பில் நிற்காத பஸ் முன்னால் தொண்டூர் ரோட்டில் ஆறு பேர் உட்கார்ந்தோம். கேஸ் இன்னும் முடியவில்லை. அணுகுண்டு தூக்கும் ஏவுகணை. டவுன் பஸ்ஸை மறித்தவனால் அதற்கு ஆபத்தாம்! தூ.

ஜூன் 4, புதன்

புழுக்கம். கரண்ட் இல்லை. தவிடு, சார்ஜர் ஒயர் வாங்கணும். வாங்கவில்லை.

வேலைக்கான மெடிக்கல் டெஸ்ட் முடித்து விழுப்புரத்திலிருந்து அக்கா வந்தாள். வந்ததும் சண்டை.

"அது வுழுந்தா ஒரு ஊரே போயிடும். அத செய்யறதுக்கு நல்லவன்னு சர்ட்டிபிகேட்டு வேறயா?"

"போடறதுக்கு இல்லடா. நம்மகிட்ட இருக்குதுன்னு தெரிஞ்சா எதிரி நாட்டுக்காரன் போட மாட்டான்."

"அவனும் இதயேதான் சொல்லிட்டு செய்யறான்."

"நாம வெறுங்கையா நின்னா வுட்டுடுவானா? நீ போய் அவன் முன்னாடி ரோட்ல குந்து, போ."

நைனா சொன்ன 'ஒரே பொண்ணு' கதையைக் கடுப்பில் போட்டு உடைத்தேன். அக்கா முகம் செத்துவிட்டது.

"ஃபார்ம்ல கூடப் பொறந்தவங்கன்னு இவன் பேர எழுதியிருக்கேன் நைனா! இப்ப நான் பொய் எழுதின மாதிரி ஆவாதா? வேலையே போயிடும்."

"இவன் கேஸால ஒனக்குக் கெட்டுடக் கூடாதேன்னு..."

"அவன் கேஸ யாரு கேட்டா? என்னப் பத்திதான கேக்க வந்தாரு!"

நைனா மோர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"போலீசுகிட்ட போயி, பொய் சொல்லிட்டேன்னு எப்பிடிமா சொல்றது?"

என்னை இல்லையென்று சொல்ல மட்டும் வாய் வந்ததா?

ஜூன் 5, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. ராஜகிரி மலை உச்சி தெரியவில்லை.

டீக்கடை மாஸ்டர்: "ஒங்க வூட்ல ஒரே புள்ளயாமே! நீ எந்த வூட்டுப் புள்ளடா?" கடையே சிரித்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று ஏட்டின் ரிப்போர்ட் போகிறதாம். அதற்குள் ஸ்டேஷனில் மாற்றிச் சொல்லணும். அக்கா ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, கண் வீங்கியிருக்கிறது. ஏவுகணை வேண்டுமா வேண்டாமா, பிறகு கத்திக்கொள்ளலாம். இவள் படித்த படிப்பு என் பேரால் போகக் கூடாது. ஆதாரை எடுத்துக்கொண்டேன், நானே போகிறேன் என்றேன். நைனா சட்டை மாட்டினார். வண்டியை எடுத்தார். பின் சீட்டைத் துடைத்தார், எனக்காகவாம்.

கோபம் துளியும் குறையவில்லை. ஏட்டு முன்னால் என்னை யாரென்று சொல்வார்? இவர் வாயால்தான் வரணும். நான் திறக்க மாட்டேன்.

ஹாரன் அடிக்கிறார். போகணும்.