சத்தம் குறைத்துப் பார்த்த எட்டு சிடி

அக்கா,

இரும்புப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் வந்தது. உன் கூறைப் புடவைக்கு அடியில் அந்த சிடிப் பெட்டி. மூடியில் பச்சை முகமூடிக்காரன் இன்னும் கையை நீட்டிப் பறந்துகொண்டிருக்கிறான். அவன் மூக்கின் மேல் உன் மஞ்சள் விரல் பட்ட கறை. உன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். நீ விட்டுப்போன ஆறு வயசுக் குட்டி இல்லை இப்போது. ஏனாத்தூர் காலேஜில் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். யாரிடமோ பழைய பிளேயர் ஒன்றை வாங்கி வந்து மாட்டிவிட்டு, "போடு சித்தி, பாக்கலாம்" என்றாள்.

உன் வீட்டுக்காரர் காஞ்சிபுரம் போனபோது பிள்ளைகளுக்காக வாங்கி வந்த கார்ட்டூன் அது. எட்டு சிடி, எல்லாம் இங்கிலீஷ். பிள்ளைகள் இரண்டே நாளில் சலித்துப்போய் ஏரிக்கரைக்கு விளையாட ஓடிவிட்டார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் கிடந்த நாம் இருவரும்தான் அதில் மாட்டிக்கொண்டோம்.

மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததிலிருந்து மாடு கறக்கும் வரை நமக்கென்று இருந்த நேரம் அது. அத்தை பக்கத்து அறையில் படுத்திருப்பாள் என்று சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவோம். உத்திரமேரூர் பஸ் நம் வாசலைத் தாண்டித்தான் போகும். ஆனால் அதில் ஏற நமக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை நாலு பேர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அம்மா வீட்டுக்குப் போக ஒரு வாரத்துக்கு முன்பே நைசாகப் பேச்சை ஆரம்பிப்பேன். நீ அதையும் விட்டுவிட்டாய்.

பகலில் கடியாரக் கடையில் தலை குனிந்து வேலை செய்கிறவன், ஆபத்து என்றால் முகமூடி மாட்டிக்கொண்டு பறப்பான். இவன்தான் அவன் என்பது அதே கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். படத்தைப் பார்த்தே இவ்வளவும் கண்டுபிடித்தோம். வசனம் நம்முடையது. எதிரிக்கு நீ அத்தையின் குரலைக் கொடுத்தாய். ஊரையே பொசுக்குகிற இயந்திரத்தின் முன்னால் நின்று அவன் வாயைத் திறந்தால், "கழுநீர எங்கடி கொட்ன? மாடு இன்னாத்த குடிக்கும்?" என்பாய். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். ஒருநாள் முகமூடிக்காரன் ஜன்னல் வழியாகப் பறந்து போனதைப் பார்த்துவிட்டு, "பறக்கத் தெரிஞ்சவன் எதுக்குடி திரும்பத் திரும்ப இந்த ஊருக்கே வரான், கூறு கெட்டவன்" என்றாய். அன்றைக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழாவது சிடி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வயிற்றின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய். ஆடிக் கூழுக்குக் காப்பு கட்டியிருந்த நேரம். கரகம் எடுக்க உன் வீட்டுக்காரர் கையில் மஞ்சள் கயிறு. கட்டிவிட்டால் கூழ் ஊற்றும் வரை அந்த வீட்டு ஆட்கள் வேற்றூரில் இரவு தங்கக் கூடாது. "ஆசுபத்திரிக்கு வா அக்கா" என்றேன்.

"போனா படுக்க வெச்சிடுவாங்கடி. ராத்திரி தங்கிட்டா காப்பு கெட்டுப்போச்சின்னு அத்தை வூட்டயே ரெண்டாக்கிடும். இன்னும் மூணு நாளுதான். நீ வாயத் தொறக்காத. அந்தக் கடியாரக் கடைக்காரி மாரி கம்முனு இரு."

இருந்தேன். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன், உன் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தேன், யார் கேட்டாலும் "அக்காவுக்குத் தலவலி" என்றேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

கூழ் ஊற்றுகிற அன்று காலையில் அடுப்பங்கரையிலேயே விழுந்தாய். காஞ்சிபுரத்துக்குக் கொண்டு போவதற்குள் குடல்வால் வெடித்துவிட்டிருந்தது. மறுநாள் நீ இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அவன் கையில கீற காப்ப அவுத்துப் போட்டுட்டு இட்டுக்கினு போயிருப்பனே. ஆத்தா இன்னா என் மருமவ உசுரயா கேக்கறா?" என்று அழுதாள். தினமும் அவளுக்குக் குரல் கொடுத்துக் கொடுத்து, அவள் என்ன சொல்வாள் என்பது நமக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டோமே அக்கா. அவளிடம் போய் யாரும் கேட்கவே இல்லை. அதை நினைத்தால் உன் மேலும் எனக்குக் கோபம்தான். என் மேல் இருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு முன்பே தெரியும் என்று அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். உன் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு கரகம் தொடவில்லை. இப்போது பஸ் ஏற நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த வீட்டிலேயேதான் கிடக்கிறேன். வெளியே போனாலும் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று சீக்கிரம் திரும்பி வந்துவிடுகிறேன்.

உன் மகளோடு உட்கார்ந்துதான் முதன்முதலாகச் சத்தத்தோடு பார்த்தேன். அந்த எதிரிக்கு எவ்வளவு தணிந்த குரல் தெரியுமா! ஏழாவது சிடியில் உன் மகள் திரையைக் காட்டி, "இவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே சித்தி, ஏன் யார்கிட்டயும் சொல்ல மாட்றா?" என்று கேட்டாள். சும்மா கேட்டதுதான். பிளேயரை நிறுத்தினேன்.

"உங்கம்மா வயித்து வலின்னு எங்கிட்ட சொன்னாங்கம்மா. நான்தான் யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே உன் ஜாடை.

"எத்தினி நாளு தெரியும் சித்தி?"

"மூணு நாளு."

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறவள். இரண்டு ஞாயிறு போய்விட்டது. நீ சொல்லாதே என்றதை உன் மகளிடமே சொல்லிவிட்டேன், அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவள் திட்டினால் கேட்டுக்கொள்வேன். அவள் வளர்ந்துவிட்டாள், அத்தை போய்விட்டாள், ஊரில் எத்தனையோ ஆடி வந்து போயிற்று. நான் மட்டும் அந்த மூன்று நாளைவிட்டு வெளியே வரவில்லை அக்கா.